எந்த வரியை எழுத்துப்படி எடுக்கக் கூடாது? ஓரிஜன் கையாண்ட முறையும் அதற்கு வந்த எதிர்ப்பும்

வைகறை:

ஆதித் திருச்சபையின் உருவக விளக்கம் என்றாலே "மனம்போனபடி சொன்னார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 3ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரிய வேத ஆசிரியர் ஓரிஜனின் 'முதற்கொள்கைகள்' நூலில் 4ஆம் புத்தகத்தைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. ஆனால் ஒரு வசனத்தை எடுத்தால் அவர் என்ன வரிசையில் வேலை செய்கிறார், எழுத்துப்பொருளை எங்கே விடுகிறார், எங்கே விடவே மாட்டேன் என்கிறார் என்பது ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. தெரிந்தவர்கள் உதாரணத்தோடு எழுதுங்கள். உடல் (எழுத்துப்பொருள்), ஆன்மா (ஒழுக்கப்பொருள்), ஆவி (மறைபொருள்) என்ற மூன்று பொருளைப் பற்றிய பொதுப்பேச்சு வேண்டாம், அது எல்லா அறிமுக நூலிலும் இருக்கிறது.

பழஞ்சுவடி:

முதலில் பாடத்தை, அதாவது நம் கையிலிருக்கும் மூலச் சொற்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'முதற்கொள்கைகள்' கிரேக்கத்தில் முழுசாகக் கிடைக்கவில்லை. முழு நூலாக நமக்கு இருப்பது ருஃபினுஸ் 398இல் செய்த லத்தீன் மொழிபெயர்ப்பு. இடறலான இடங்களைச் சரிசெய்திருப்பதாக அவரே முன்னுரையில் சொல்லிவிடுகிறார். நல்லவேளையாக நீங்கள் கேட்கும் பகுதி, அதாவது 4ஆம் புத்தகத்தின் முதல் மூன்று அதிகாரங்களில் பெரும்பங்கு, ஓரிஜனின் எழுத்துகளிலிருந்து எடுத்த 'ஃபிலோகாலியா' என்ற தொகுப்பு வழியாகக் கிரேக்கத்திலேயே தப்பியிருக்கிறது. இரண்டும் மோதும் இடத்தில் கிரேக்கத்தையே பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி வேலை வரிசை. அவர் இதை எண்போட்டுச் சொன்னதில்லை. நூலையும் பிரசங்கங்களையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது இது.

முதல் வேலை, பாடம் சரிபார்ப்பது. ஹெக்சப்லா அதற்காகத்தான். பழைய ஏற்பாட்டின் எபிரெயம், அதன் கிரேக்க ஒலிபெயர்ப்பு, பிறகு நாலு கிரேக்க மொழிபெயர்ப்புகள் (அக்கிலா, சிம்மாக்கு, சபையில் வழங்கிய எழுபதின்மர் மொழிபெயர்ப்பு, தியோடோத்தியோன்) என்று ஆறு பத்திகளை அக்கம்பக்கமாக நிறுத்தினார். ஒரு சொல் மேலே மறைபொருளை ஏற்றுவதற்குமுன் அந்தச் சொல் அங்கே உண்மையிலேயே இருக்கிறதா என்று தெரியவேண்டும் அல்லவா?

அடுத்தது எழுத்துப்பொருள். இதை அவர் தாண்டிக் குதிக்கிறார் என்பது தவறான எண்ணம். ஆதியாகமத்தின்மேல் அவர் செய்த 2ஆம் பிரசங்கத்தைப் பாருங்கள். பழைய ஏற்பாட்டைத் தள்ளிய மார்சியோனின் சீடன் அப்பெல்லேஸ், 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரமுள்ள நோவாவின் பேழையில் நாலு யானைகூட நிற்காது, ஆகவே இது கட்டுக்கதை என்றான். ஓரிஜன் உடனே "அது உருவகம்" என்று நழுவியிருக்கலாம். நழுவவில்லை. மோசே எகிப்தியரின் கல்வியில் தேர்ந்தவர், அவர் சொன்னது வடிவகணித முழம், அந்தக் கணக்கில் ஒரு முழம் பல முழத்துக்குச் சமம் என்று வாதாடி, பேழையின் கொள்ளளவைப் பெருக்கிக் காட்டுகிறார். அடியில் அகன்று மேலே ஒரு முழத்துக்குக் குறுகும் வடிவம் ஏன் என்றுகூடச் சொல்கிறார், மழைநீர் வழிந்தோட. நமக்கு அந்தக் கணக்கு ஏற்காமல் போகலாம். ஆனால் எழுத்துக்காகச் சண்டையிட்டு முடித்த பிறகுதான் பேழை திருச்சபை ஆகிறது.

மூன்றாவது, தடைக்கல் தேடுவது. இதுதான் உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. 4ஆம் புத்தகம் 2ஆம் அதிகாரத்தில் அவர் சொல்வது: வேதத்தில் எல்லாமே வழவழவென்று ஓடியிருந்தால் கதையின் இனிமையிலேயே நின்றுவிடுவோம், ஆழத்தைத் தேடமாட்டோம். அதனால் நடக்க முடியாததையும் பொருந்தாததையும் தேவனே சில இடங்களில் இடறலாக வைத்திருக்கிறார். 3ஆம் அதிகாரத்தில் மூன்று வகை உதாரணங்கள் வருகின்றன.

வரலாற்றில் கூடாதவை: சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி? தேவன் ஒரு விவசாயியைப்போல ஏதேனில் மரம் நட்டாரா? சுவிசேஷத்திலும் உண்டு, பிசாசு இயேசுவை மலைமேல் ஏற்றி உலக ராஜ்யங்களைக் காட்டியது. பெர்சியர், சித்தியர், இந்தியர், பார்த்தியர் ஆகியோரின் ராஜ்யங்கள் அத்தனையையும் ஊனக்கண்ணால் பார்க்கும் உயரம் எந்த மலைக்கு இருக்கிறது?

சட்டத்தில் கூடாதவை: எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்யப்படாத குழந்தையை அறுப்புண்டுபோகச் செய்வது (எழுபதின்மர் பாடத்தில் ஆதியாகமம் 17:14). தப்பு பெற்றோருடையது, தண்டனை பிள்ளைக்கா? உபாகமம் 14:5 சாப்பிடலாம் என்று அனுமதிக்கும் 'ஆட்டுக்கலைமான்' கிரேக்கப் பாடத்தில் ஒரு கற்பனை மிருகம், இல்லாததை எப்படிப் பலியிட்டு உண்பது? ஓய்வுநாளில் அவனவன் தன் இடத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும் என்ற யாத்திராகமம் 16:29ஐ அப்படியே கைக்கொள்ள எந்த உயிரால் முடியும்?

மூன்றாம் வகை, புதிய ஏற்பாட்டுக் கட்டளைகள். வழியில் ஒருவரையும் வினவவேண்டாம் என்பது. வலது கன்னத்தில் அறைவது, வலக்கைக்காரன் அறைந்தால் இடது கன்னத்தில்தானே விழும் என்கிறார். இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்த குற்றத்துக்கு வலது கண்ணை மட்டும் ஏன் பிடுங்கவேண்டும் என்பது.

இப்படித் தடை தெரிந்தால் நாலாவது வேலை தொடங்குகிறது, சாவி தேடுவது. 'ஃபிலோகாலியா' 2ஆம் அதிகாரத்தில் ஓர் எபிரெயர் தமக்குச் சொன்னதாக இதைக் குறிக்கிறார்: வேதம் பூட்டிய அறைகள் பல உள்ள ஒரு வீடு. ஒவ்வொரு கதவருகிலும் ஒரு சாவி கிடக்கிறது, ஆனால் அது அந்தக் கதவின் சாவி அல்ல. சாவிகள் இடம்மாறிச் சிதறிக் கிடக்கின்றன. அதாவது இந்த வசனத்தின் பொருள் இன்னொரு வசனத்தில் இருக்கும். நடைமுறையில் அவர் செய்வது, அதே சொல் வரும் இடங்களை எல்லாம் வரிசையாக எடுத்து வைப்பது. 'கிணறு' என்றால் ரெபேக்காள் நின்ற கிணறு, மோசே உட்கார்ந்த கிணறு, சமாரியப் பெண்ணின் கிணறு எல்லாம் வந்து நிற்கும்.

கடைசியாக ஒரு வேலி. கண்ட பொருள் அப்போஸ்தலர் கையளித்த விசுவாசத்துக்குள் இருக்கவேண்டும். அந்த விசுவாசத்தின் வரம்பை 'முதற்கொள்கைகள்' முன்னுரையிலேயே ஒவ்வொன்றாக எழுதி வைத்துவிட்டுத்தான் நூலைத் தொடங்குகிறார்.

வைகறை:

> எங்கே விடவே மாட்டேன் என்கிறார்

இந்தப் பாதி இன்னும் வரவில்லை ஐயா.

பழஞ்சுவடி:

அதே 4.3இல், 4ஆம் பத்தி. வரலாறாக நடந்தவை வெறும் ஆவிக்குரிய பொருளாகச் சேர்க்கப்பட்டவற்றைவிட மிக அதிகம் என்று வெளிப்படையாக எழுதுகிறார். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் எபிரோனில் இரட்டைக் குகையில் அடக்கம் பண்ணப்பட்டது, சீகேம் யோசேப்புக்குப் பங்காகக் கிடைத்தது, எருசலேம் யூதேயாவின் தலைநகர், அங்கே சாலொமோன் தேவாலயம் கட்டியது எல்லாம் நடந்தவை. "உன் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு", "கொலை செய்யாதே" ஆகியவற்றுக்கு உயர்ந்த பொருள் தேட அவசியமே இல்லாமல் அப்படியே பயன் உண்டு. சத்தியம் பண்ணவே வேண்டாம் என்ற கட்டளையையும் எழுத்துப்படி கைக்கொள்ளவேண்டிய பட்டியலில்தான் வைக்கிறார்.

ஆக எழுத்து இல்லாத இடம் அவருக்கு விதிவிலக்கு. கானாவூர்க் கற்சாடிகள் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்கிறதல்லவா யோவான் 2:6, அதை இதற்குக் காட்டுகிறார். மூன்று கொள்ளுவது உடலும் ஆன்மாவும் ஆவியும் உள்ள பகுதி, இரண்டு கொள்ளுவது உடல் இல்லாத பகுதி.

மறைநூல்_மாணவி:

வலது கன்னம் எனக்குச் சரியாகப் படவில்லை. புறங்கையால் அறைந்தால் வலது கன்னத்தில்தான் விழும், அதுதான் அந்த வசனத்தின் அவமானம். ஓரிஜன் தேடிய தடை பாடத்தில் இல்லை, அவர் பார்வையில் இருக்கிறது. ஆட்டுக்கலைமானும் அப்படித்தான். எபிரெயத்தில் அங்கே இருப்பது ஒரு சாதாரணக் காட்டு ஆடு என்றே பலர் கொள்கிறார்கள். ஹெக்சப்லா செய்த மனிதர் எழுபதின்மர் பாடத்தின்மேல் மட்டும் நின்று "இப்படி ஒரு மிருகமே இல்லை" என்று வாதிடுவது நெருடுகிறது. அதாவது அவர் முறையில் மூன்றாவது வேலை முதல் இரண்டு வேலைகளைச் சார்ந்தது. அங்கே பிசகினால் இல்லாத பூட்டுக்குச் சாவி தேடுகிறோம்.

இன்னொன்று. அவர் இந்த உரிமையைத் தாமாக எடுத்துக்கொள்ளவில்லை, பவுலிடமிருந்து வாங்குகிறார். போரடிக்கும் மாட்டை வாய்கட்டாதே என்ற சட்டத்தை (இணைச்சட்டம், அதாவது உபாகமம் 25:4) 1 கொரிந்தியர் 9இல் பவுல் நற்செய்திப் பணியாளரின் கூலிக்குப் பொருத்துகிறார். ஓரிஜன் இதை 'ஆன்மா'வுக்கான பொருளின் மாதிரி என்கிறார். கலாத்தியர் 4இல் சாரா, ஆகார் இருவரும் இரண்டு உடன்படிக்கைகள். இது 'ஆவி'க்கான பொருளின் மாதிரி. முன்மாதிரி வேதத்துக்குள்ளேயே இருக்கிறது. சண்டை முழுதும் அந்த மாதிரியை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதில்தான்.

அந்தியோக்கியன்:

சகோதரி, அந்தச் சண்டையை இன்னும் கூர்மையாகச் சொல்லலாம். கலாத்தியர் 4:24க்கு அந்தியோக்கிய மரபைச் சேர்ந்த மொப்சுவெஸ்தியா ஆயர் தியடோர் எழுதிய உரை லத்தீனில் கிடைக்கிறது. அவர் கேட்பது: பவுல் 'உருவகம்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார், சரி. ஆனால் நடந்ததை நடந்ததாக வைத்துக்கொண்டுதானே ஒப்பிட்டார்? ஆகார் என்று ஒருத்தி இல்லாவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? உருவகக்காரர்களோ பரதீசு பரதீசு இல்லை, சர்ப்பம் சர்ப்பம் இல்லை என்கிறார்கள். அப்படியானால் ஆதாம் கீழ்ப்படியாமல் போனது எங்கே நடந்தது, கிறிஸ்து எதைச் சரிசெய்ய வந்தார்?

இது கூச்சல் அல்ல, இறையியல் வாதம். மீட்பு ஒரு நிகழ்வானால் அது சரிசெய்யும் வீழ்ச்சியும் நிகழ்வாகவே இருக்கவேண்டும். உருவகம் தொடக்கத்தைக் கரைத்தால் முடிவும் கரையும்.

தியடோரின் ஆசிரியர் தார்சு நகர் டியோடோரஸ் இதை விதியாகவே வகுத்தார். சங்கீத உரையில் அவர் சொல்வது, உயர்ந்த பார்வையை நாங்கள் தடுக்கவில்லை, அதற்கு 'தியோரியா' என்று பெயர், அது வரலாற்றின்மேல் கட்டப்படும். அடியிலிருக்கும் வரலாற்றையே அது தள்ளினால் அப்போது அது தியோரியா அல்ல, உருவகம். காயீனும் ஆபேலும் இரண்டு சபைகளைக் காட்டலாம். ஆனால் காயீன் கொன்றது ஆபேலைத்தான்.

தியடோர் இதைக் கறாராகக் கையாண்டார். 150 சங்கீதங்களில் கிறிஸ்துவைப் பற்றி நேரே முன்னுரைப்பவை என்று அவர் ஏற்றது நாலே நாலு: 2, 8, 45, 110. மீதி தாவீதின் வாழ்விலோ எசேக்கியா காலத்திலோ பாபிலோன் சிறையிருப்பிலோ மக்கபேயர் காலத்திலோ பொருந்தும். உன்னதப்பாட்டு சாலொமோன் தன் எகிப்திய மனைவிக்காகப் பாடியது. இப்படி எழுதியவரை 553இல் கான்ஸ்டாண்டிநோப்பிள் சங்கம் கண்டித்தது. அதே சங்கத்தின் 11ஆம் கண்டன விதியில் ஓரிஜன் பெயர், 12ஆம் விதியில் தியடோர் பெயர். இரு கரையிலும் பெரியவர் பெயர் அடுத்தடுத்து நிற்கிறது.

பழஞ்சுவடி:

அருமையான பதிவு. ஆனால் "அலெக்சாந்திரியா உருவகம், அந்தியோக்கியா எழுத்து" என்ற கோடு ஓர் இடத்தில் அப்படியே தலைகீழாகிறது. எந்தோர் ஊர் அஞ்சனக்காரி, 1 சாமுவேல் 28, இறந்துபோன சாமுவேலை எழுப்பித் தரும்படி சவுல் ராஜா அவளிடம் போன கதை.

ஓரிஜனின் பிரசங்கம் கிரேக்கத்தில் இருக்கிறது. அவர் நிலை: எழும்பி வந்தது சாமுவேல்தான். காரணம் எழுத்து. "ஸ்திரீ சாமுவேலைக் கண்டாள்" என்று சொல்வது யார்? அவள் இல்லை, கதையை எழுதுகிறவர், அதாவது பரிசுத்த ஆவி. அவள் கண்டதாக நடித்தாள் என்று பாடத்தில் இல்லை. பேசுகிறவர் யார் என்று பிரித்துப் பார்ப்பது அவருடைய கருவிகளில் முக்கியமானது. பாத்திரம் பொய் சொல்லலாம், எழுதுகிறவரின் குரல் சொல்லாது.

இதை எதிர்த்து முழு நூல் எழுதியவர் அந்தியோக்கியாவின் ஆயர் யூஸ்தாத்தியு, 325இல் நிசேயா சங்கத்தில் இருந்தவர். அவர் சொன்னது: வந்தது சாமுவேல் அல்ல, பிசாசின் ஏமாற்று. சவுல் எதையும் பார்க்கவில்லை, அவள் சொன்னதை நம்பினான். ஏதேன் மரங்களையும் ஆபிரகாம் தோண்டிய கிணறுகளையும் உருவகமாக்கிய மனுஷன் இங்கே மட்டும் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதென்ன என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்த வழக்கில் பாடத்தின் எழுத்தோடு நிற்பது ஓரிஜன், அதற்கு அப்பால் போவது அந்தியோக்கியா.

அந்தியோக்கியன்:

யூஸ்தாத்தியு எழுத்தை விட்டுப் போகவில்லை ஐயா, முழு அதிகாரத்தின் போக்கைப் பார்த்தார். கர்த்தர் சவுலுக்குச் சொப்பனத்தாலும் தீர்க்கதரிசிகளாலும் உத்தரவு அருளவில்லை என்று சில வரிகளுக்கு முன்னால்தான் இருக்கிறது. மறுத்தவர் அஞ்சனக்காரி வழியாகப் பதில் தருவாரா? ஒரு வரியின் இலக்கணத்தைவிடப் பகுதியின் ஒழுங்கு பெரிது என்பதுதான் அந்தியோக்கியாவின் பலம். ஓரிஜனின் சொல்-தேடும் முறைக்கு அங்கேதான் பலவீனம். ஒரு சொல்லைப் பிடித்து ஆறு புத்தகம் தாண்டுகிறார், பக்கத்து வரியை விட்டுவிடுகிறார்.

கல்லணை:

எண்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. உருவக முறை எங்கே ஓடிப்போகும் என்பது எண்களில்தான் பளிச்சென்று தெரியும்.

பர்னபாவின் பெயரில் வழங்கும் கடிதம், 9ஆம் அதிகாரம். ஆபிரகாமின் வீட்டார் 318 பேர். கிரேக்கத்தில் எழுத்தே எண்ணாகவும் நிற்கும். 10க்கு ஐயோட்டா, 8க்கு ஏட்டா, இரண்டும் சேர்ந்தால் இயேசு என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்து. 300க்கு டவ், அதன் வடிவம் சிலுவை. ஆக ஆபிரகாம் அன்றே இயேசுவையும் சிலுவையையும் கண்டான். இதைவிடச் சிறந்த பாடத்தை யாரும் என்னிடம் கற்றதில்லை என்று ஆசிரியர் பெருமிதத்தோடு முடிக்கிறார். ஆபிரகாமின் கதை எழுதப்பட்ட எபிரெயத்தில் இந்தக் கணக்கு நிற்கவே நிற்காது. கிரேக்கப் பிரதி கையிலிருப்பவருக்கு மட்டும் கிடைக்கிற மறைபொருள் இது.

அதே கடிதம் 10ஆம் அதிகாரத்தில் உணவுச் சட்டங்களை ஒழுக்கமாக மாற்றுகிறது. பன்றி, வயிறு நிறைந்தபோது எஜமானை மறந்து பசித்தபோது கத்துகிறவர். கழுகும் பருந்தும் காகமும், உழைக்காமல் பிறர் உணவைப் பறிக்கிறவர். இது எண் விளையாட்டைவிட உறுதியானது, மிருகத்தின் நடத்தைக்கும் மனுஷ நடத்தைக்கும் ஓர் ஒப்புமையாவது இருக்கிறது. ஆனால் சட்டம் முதலிலிருந்தே உணவைப் பற்றியதே இல்லை என்று அந்தக் கடிதம் சொல்லும்போது, ஓரிஜன்கூடத் துணியாத இடத்துக்குப் போய்விடுகிறது.

இப்போது வலென்டினியர். அவர்கள் ஞானவாதக் கட்டமைப்பில் 30 ஏயோன்கள் (தேவனிடமிருந்து வெளிப்பட்ட தெய்வீக சக்திகள்) உண்டு. ஆதாரம்? இயேசு 30 வயதில் வெளியே வந்தார். திராட்சத்தோட்ட உவமையில் வேலையாட்களைக் கூப்பிட்டது 1, 3, 6, 9, 11ஆம் மணி நேரங்களில், கூட்டினால் 30. கூட்டல் சரிதான்! அவர்களை எதிர்த்த 2ஆம் நூற்றாண்டு ஆயர் இரனேயுவின் 'தவறான போதனைகளுக்கு எதிராக' நூலின் முதல் புத்தகத்தில் இது பதிவாகியிருக்கிறது.

இரனேயு இதை எப்படி உடைக்கிறார் என்பதுதான் நம் இழைக்கு முக்கியம். 2ஆம் புத்தகத்தில் 5 என்ற எண்ணை எடுத்து, அதை வைத்து எதையும் நிரூபிக்கலாம் என்று காட்டுகிறார். 'சோத்தேர்' என்றால் இரட்சகர், கிரேக்கத்தில் 5 எழுத்து. 'பாத்தேர்' பிதா, 5 எழுத்து. 'அகாப்பே' அன்பு, 5 எழுத்து. ஆண்டவர் ஆசீர்வதித்த அப்பம் 5, கையில் விரல் 5, புலன் 5. ஆகவே 5 ஏயோன் என்று ஏன் சொல்லவில்லை? எண்ணிலிருந்து கோட்பாட்டைக் கட்டாதீர்கள், கோட்பாடு தெரிந்த பிறகு எண்ணை அதற்குள் வையுங்கள் என்கிறார்.

1ஆம் புத்தகத்தில் இன்னொரு படம்: தேர்ந்த கலைஞன் விலையுயர்ந்த கற்களால் ராஜாவின் உருவத்தைப் பதித்திருக்கிறான். ஒருவன் அதே கற்களைக் கலைத்து நரியாக அடுக்கிவிட்டு இதுதான் ராஜா என்கிறான். கற்கள் அத்தனையும் அசல், உருவம் பொய். வசனங்களை மேற்கோள் காட்டுவது போதாது, எந்த உருவத்துக்காக அடுக்குகிறோம் என்பதற்கு அளவுகோல் வேண்டும். பழஞ்சுவடி ஐயா 'வேலி' என்றது இதைத்தான்.

மறைநூல்_மாணவி:

இதைச் சொன்ன இரனேயுவே 3ஆம் புத்தகத்தில், நற்செய்திகள் நாலுதான் இருக்க முடியும், ஏனென்றால் திசை நாலு, காற்று நாலு, கெருபுகளின் முகம் நாலு என்கிறார். பிற்காலத்து வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனோ யோவான் 21:11இல் வரும் 153 மீனை எடுத்து, 1 முதல் 17 வரை கூட்டினால் 153, அந்த 17 என்பது பத்துக் கட்டளையும் ஆவியாரின் ஏழு கொடையும் என்கிறார். எண்ணை விட்டவர் அந்தக் காலத்தில் யாருமில்லை. வித்தியாசம் ஒன்றுதான். இரனேயுவின் நாலையும் அகுஸ்தீனின் 153ஐயும் நீக்கிவிட்டால் அவர்களுடைய விசுவாசத்தில் எதுவும் குறையாது. வலென்டினியரின் 30ஐ நீக்கினால் கட்டமைப்பே விழும்.

வைகறை:

அப்படியானால் இதே சோதனையை ஓர் உவமையில் வைத்துப் பார்க்கலாமே. நல்ல சமாரியன், கள்வரிடம் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் விட்டுப்போக, ஒரு சமாரியன் சத்திரத்தில் சேர்த்துக் காசு கொடுத்த கதை. ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் சொன்னார்கள் என்று தெரியும். எந்தத் துண்டு நிலைத்தது, எது ஆளுக்கு ஆள் மாறியது?

மறைநூல்_மாணவி:

லூக்காவின்மேல் ஓரிஜன் செய்த 34ஆம் பிரசங்கம், எரோணிமு செய்த லத்தீன் மொழிபெயர்ப்பில். மூப்பர் ஒருவர் சொன்னதாக ஓரிஜன் தருகிறார்: இறங்கிப் போனவன் ஆதாம், எருசலேம் பரதீசு, எரிகோ உலகம், கள்வர் எதிரிச் சக்திகள், குரு சட்டம், லேவியன் இறைவாக்கினர், சமாரியர் கிறிஸ்து, காயங்கள் கீழ்ப்படியாமை, வாகன மிருகம் ஆண்டவரின் உடல், சத்திரம் திருச்சபை, இரண்டு தெனாரியம் (ரோமக் காசு) தந்தையும் மகனும், சத்திரக்காரர் திருச்சபைத் தலைவர், திரும்பி வருவேன் என்றது இரண்டாம் வருகை.

அகுஸ்தீன் 'நற்செய்திக் கேள்விகள்' நூலில் ஏறக்குறைய இதே சட்டகத்தை வைத்துக்கொள்கிறார். ஆதாம், கிறிஸ்து, சத்திரம் மூன்றும் அப்படியே. எரிகோ என்ற பெயருக்கு நிலா என்று பொருள்கொண்டு, வளர்ந்து தேய்ந்து மறைவதால் அதை நம் சாவுக்குரிய தன்மை என்கிறார். இரண்டு தெனாரியம் அன்பின் இரண்டு கட்டளைகள், அல்லது இம்மைக்கும் மறுமைக்குமான வாக்குறுதி. சத்திரக்காரர் பவுல். இரனேயுவிடம் அதே காசு, தந்தையின் உருவும் மகனின் எழுத்தும் பொறித்தது, ஆவியார் வழியாக நம்மிடம் தரப்பட்டது.

காசைப் பாருங்கள். மூன்று பேரிடம் மூன்று பொருள், அகுஸ்தீனிடமே இரண்டு. சமாரியரோ யாரிடமும் மாறவில்லை. ஏன்? சமாரியருக்கு வேறொரு சாவி இருக்கிறது. யோவான் 8:48இல் "நீ சமாரியன், பேய் பிடித்தவன்" என்று பழிக்கிறார்கள், இயேசு பேயை மட்டும் மறுக்கிறார், சமாரியன் என்றதை மறுக்கவில்லை. ஓரிஜன் இந்த வசனத்தை இங்கே கொண்டுவந்து பூட்டுகிறார். இரண்டு தெனாரியத்துக்கு அப்படி வந்து பூட்டும் வசனம் இல்லை, அதனால் காசு கைக்குக் கை மாறுகிறது. ஒரு விளக்கத்தின் எந்தப் பாகம் உறுதி, எது தளர்வு என்று பார்க்க இதுதான் நேரான வழி: அந்தப் பாகத்துக்கு மட்டும் தனியாக ஒரு வேத ஆதாரம் கேளுங்கள்.

இன்னொன்றையும் விடக்கூடாது. அந்த மூப்பரின் விளக்கம் அழகானது என்று சொன்ன கையோடு, இது எல்லா மனிதருக்கும் பொருந்தும் என்று நினைக்கவேண்டாம், எல்லாரும் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்குவதில்லை என்று ஓரிஜன் திருத்துகிறார். முடிவில் "நீரும் போய் அப்படியே செய்யும்" என்ற கட்டளைக்கு வந்து, கிறிஸ்துவைப்போல நாமும் காயப்பட்டவரிடம் போகவேண்டும் என்கிறார். உவமையின் நேர்ப்பொருளை அவர் தின்றுவிடவில்லை.

அந்தியோக்கியன்:

சகோதரி சொன்ன சோதனையை அகுஸ்தீனே விதியாக எழுதியிருக்கிறார். 408ஐ ஒட்டி விண்சென்ஸுக்கு எழுதிய 93ஆம் கடிதம். உன்னதப்பாட்டு 1:7இல் மணவாட்டி, மத்தியானத்தில் மந்தையை எங்கே மடக்குகிறீர் என்று கேட்கிறாள். லத்தீனில் மத்தியானத்துக்கும் தெற்குக்கும் ஒரே சொல். பொதுத் திருச்சபையிலிருந்து பிரிந்து நின்ற வட ஆப்பிரிக்க தொனாத்தியர் பிடித்துக்கொண்டார்கள்: கிறிஸ்துவின் மந்தை தெற்கே, அதாவது ஆப்பிரிக்காவில், அதாவது எங்களிடம் மட்டும்! அகுஸ்தீன் கேட்பது, தெளிவான வசனங்கள் வெளிச்சம் தராமல், உருவகத்தில் இருப்பதைத் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? இருட்டான இடத்திலிருந்து ஆதாரம் எடுக்காதே, வெளிச்சமான இடத்திலிருந்து இருட்டுக்குப் போ.

396 வாக்கில் தொடங்கி 426 வாக்கில் முடித்த 'கிறிஸ்தவப் போதனை'யில் இன்னும் முறையாக வருகிறது. 3ஆம் புத்தகத்தில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்லொழுக்கத்துக்கோ உண்மை விசுவாசத்துக்கோ நேரே கொண்டுவர முடியாத சொல்லை உருவகம் என்று கொள். கொடுமையைக் கட்டளையிடுவதுபோலத் தோன்றுவதும் உருவகம், அவர் தரும் உதாரணம் மனுஷகுமாரனின் மாம்சத்தைப் புசிப்பது (யோவான் 6:53). ஒரே பொருள் எல்லா இடத்திலும் ஒன்றையே குறிக்கும் என்று எண்ணாதே. பரிசேயரின் புளித்தமாவு கெட்டது, ராஜ்யத்தின் புளித்தமாவு நல்லது. யூதா கோத்திரத்துச் சிங்கம் கிறிஸ்து, கெர்ச்சிக்கிற சிங்கம் பிசாசு. இந்த மூன்றாவது, ஓரிஜனின் சொல்-தேடும் முறைக்குப் போட்ட கடிவாளம்.

அங்கேயே தம் எதிரணியான தொனாத்தியர் ஒருவரின் நூலை எடுத்து விரிவாக விளக்குகிறார் என்பதையும் சொல்லவேண்டும். திகோனியு வகுத்த ஏழு விதிகள். முதல் விதி தலையும் உடலும். ஏசாயா 61:10இல் ஒரே குரல் மணவாளனாகவும் மணவாட்டியாகவும் தன்னைச் சொல்கிறது. ஆளே மாறாமல் எந்தச் சொல் கிறிஸ்துவுக்கு, எது சபைக்கு என்று பிரித்துப் படிக்கவேண்டும்.

கல்லணை:

அகுஸ்தீன் சொன்ன மூன்றில் முதலாவதில்தான் எனக்குப் பெரிய உறுத்தல். "ஒழுக்கத்துக்குப் பொருந்தாவிட்டால் உருவகம்" என்றால், வேதம் நம்மைத் திருத்தும் வாய்ப்பு எங்கே? நமக்குப் பிடிக்காததை எல்லாம் உருவகம் என்று ஒதுக்கிவிடலாமே.

சங்கீதம் 137:9 பாபிலோனின் குழந்தைகளைக் கல்லின்மேல் மோதுவது. கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய செல்சுவுக்கு மறுப்பாக எழுதிய நூலில், 7ஆம் புத்தகத்தில், ஓரிஜன் சொல்வது: பாபிலோன் என்றால் குழப்பம், அதன் குழந்தைகள் மனத்தில் அப்போதுதான் பிறக்கும் தீய எண்ணங்கள், அவை வளருமுன் பிடித்து மோதுகிறவன் பாக்கியவான். நீசா நகர் கிரெகோரி 'மோசேயின் வாழ்வு' நூலில் எகிப்தின் தலைப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்பது இன்னும் நேரடி: தகப்பன் செய்த பாவத்துக்கு நன்மை தீமை அறியாத பச்சைக் குழந்தை சாவதில் நீதி எங்கே? அவரும் தீமையை அதன் முதல் பிறப்பிலேயே அழிக்கவேண்டும் என்ற பொருளுக்குப் போகிறார்.

இந்த விளக்கங்கள் எனக்கு மனநிறைவு தருகின்றன. ஆனால் சங்கீதத்தை எழுதியவரின் சிறையிருப்பு வேதனை அதில் காணாமல் போகிறது. டியோடோரஸ் வழியில் படித்தால் அந்த வேதனை அப்படியே நிற்கும், கூடவே அந்தக் குழந்தைகளும் நிற்பார்கள்.

பழஞ்சுவடி:

கல்லணை கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கிரெகோரியின் இடத்தை அப்படியே பாருங்கள். அவர் நூல் இரண்டு பகுதி. முதல் பகுதியில் வரலாறு முழுவதையும், தலைப்பிள்ளைகள் இறந்தது உட்பட, ஒழுங்காகச் சொல்கிறார். நீதி எங்கே என்ற கேள்வி வருவது இரண்டாம் பகுதியில். கேள்வியை மறைக்க உருவகத்தைப் பயன்படுத்தவில்லை, கேள்வியை உரக்கக் கேட்டுவிட்டுத்தான் உருவகத்துக்குப் போகிறார். அந்தக் கேள்வியை அவருக்குக் கற்றுத்தந்ததும் வேதமே, பிள்ளை தகப்பனின் பாவத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18 சொல்கிறதை அவரே எடுத்துக்காட்டுகிறார். நமக்குப் பிடிக்காதது என்ற அளவுகோலும், வேதத்தின் ஒரு பகுதி இன்னொரு பகுதிமேல் எழுப்பும் கேள்வி என்ற அளவுகோலும் ஒன்றல்ல.

அவருடைய அண்ணன் பசிலியு 'ஆறுநாள் படைப்பு' 9ஆம் உரையில், உருவகத்தின் விதிகள் எனக்குத் தெரியும், ஆனால் எனக்குப் புல் என்றால் புல், மீன் என்றால் மீன் என்கிறார். 'ஃபிலோகாலியா'வைத் தொகுத்தவர்களில் ஒருவர் என்று மரபு சொல்லும் அதே பசிலியு. ஒரே வீட்டில் இரண்டு முறையும் இருந்திருக்கிறது, பகுதிக்குத் தகுந்தபடி.

வைகறை:

இவ்வளவுக்குப் பிறகு எனக்கு மிஞ்சுவது ஒரே கேள்வி. சுவிசேஷங்கள் ஒன்றோடொன்று மோதும் இடத்தில் ஓரிஜன் என்ன செய்தார்? அங்கே உருவகம் பழைய ஏற்பாட்டைக் காப்பாற்றும் கருவி மட்டும் அல்லவே.

பழஞ்சுவடி:

அங்கேதான் அவர் மிகத் துணிந்து பேசுகிறார். யோவான் உரை, 10ஆம் புத்தகம். மற்ற மூன்று சுவிசேஷங்களில் ஞானஸ்நானத்துக்குப் பின் 40 நாள் வனாந்தரம். யோவானில் நாள்களை எண்ணிக்கொண்டே போனால் சில நாள்களில் கானாவூர்க் கலியாணம் வந்துவிடுகிறது, 40 நாளுக்கு இடமே இல்லை. ஆலயத்தைச் சுத்திகரித்தது யோவானில் தொடக்கத்தில், மற்றவற்றில் கடைசி வாரத்தில். இரண்டு முறை நடந்திருக்கலாம் என்று சமாளிப்பது அவருக்குப் போதவில்லை. சுவிசேஷகர்கள் ஆவிக்குரிய உண்மையையும் சரீரத்துக்குரிய உண்மையையும் சேர்த்துச் சொல்லவே விரும்பினார்கள், இரண்டும் சேராத இடத்தில் ஆவிக்குரியதை முன்வைத்தார்கள், சரீரத்தளவில் பொய் என்று சொல்லத்தக்கதிலும் ஆவிக்குரிய உண்மை பலமுறை காக்கப்பட்டிருக்கிறது என்று எழுதுகிறார்.

அந்தியோக்கியன் இதை ஒப்பமாட்டார் என்று தெரியும்.

அந்தியோக்கியன்:

ஒப்பவில்லை. ஆனால் முரண்பாட்டை மூடாமல் வெளியே எடுத்துவைத்தார் என்பதற்காக அந்த 10ஆம் புத்தகத்தை மதிக்கிறேன். தியடோரின் யோவான் உரை சிரியாக்கில் முழுசாக இருக்கிறது. கால வரிசை இடிக்கும் இதே இடங்களை அவர் எப்படிக் கையாள்கிறார் என்று 1, 2ஆம் அதிகாரங்களுக்கான பகுதியை ஓரிஜனோடு பக்கத்தில் வைத்து, வசனம் வசனமாகப் பார்க்கலாம். பழஞ்சுவடி ஐயா ஓரிஜன் பக்கத்தை எடுத்தால் தியடோர் பக்கத்தை நான் எடுக்கிறேன். யோவான் 1:29இல், "மறுநாளில்" என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம், சிக்கல் அங்கிருந்துதான் வருகிறது.